ஒரு நிமிஷம்க்கா

எதிர்வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைப்பது என் வழக்கமல்ல. ஆனால் அவர்கள் கதவும் என் கதவும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கின்றன; காதை எங்கே கழற்றி வைப்பது?

அந்த வீட்டு அம்மா நாடாளுமன்றத்தின் சபாநாயகர். வக்கீலாக இருந்த காலத்திலேயே குடியிருப்போர் கூட்டத்தில் தண்ணீர்த் தொட்டிச் சண்டை வந்தால், ஒருத்தர் முடித்த பிறகுதான் அடுத்தவர் வாய் திறக்கலாம் என்று சட்டம் போடுவார். முதுகுக்குப் பின்னால் சிரித்தோம். இப்போது அவர் மணியடித்தால் மந்திரிகளே உட்காருகிறார்கள். எங்கள் மாடி என்று போகிற வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே இல்லை.

கீழ்மாடியில் அவருடைய தம்பி. அவரும் உறுப்பினர், ஆளுங்கட்சி. லிஃப்டில் ஆரம்பித்த பேச்சை, லிஃப்ட் நின்ற பிறகும் கதவைப் பிடித்துக்கொண்டு தொடர்கிற ஆள். அவைக்குப் போனால் மட்டும் வாய் சுருங்குமா? தம்பிக்கு நேரத்தை அள்ளிக் கொடுக்கிறார் என்று எதிர்க்கட்சிக்காரர்கள் கிளப்பிவிட்டு, அம்மாவை நாற்காலியிலிருந்து இறக்கத் தீர்மானமும் கொண்டுவந்துவிட்டார்கள். மறுநாள் விவாதம். கூட்டணிக் கட்சிகள் வேறு மதில்மேல் பூனையாக நின்றன.

விவாதத்துக்கு முந்தின நாள் தம்பி மனைவி என் வீட்டில் டிவியில் அவை நேரலை பார்த்தாள். தனியாகப் பார்க்கப் பயமாம். நானும் பெரிதாக மறுக்கவில்லை.

தம்பி பேசிக்கொண்டே இருந்தார். மணி அடித்தது. பேசினார். மறுபடி அடித்தது. அப்போதுதான் அந்த மனிதர், லிஃப்ட் கதவைப் பிடித்திருப்பவர் மாதிரி கையை நீட்டி, "ஒரு நிமிஷம்க்கா" என்றார்.

அவை சிரிப்பில் குலுங்கியது. எதிர்வரிசையில் ஒருவர் மேசையைத் தட்டி, இது சபையா வரவேற்பறையா என்று கேட்டார். தம்பி மனைவி முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

அம்மா எழுந்து நின்றார். சபாநாயகர் எழுந்தால் எல்லோரும் உட்கார்ந்துவிட வேண்டும். உட்கார்ந்தார்கள், தம்பியைத் தவிர.

"உறுப்பினர் பயன்படுத்திய உறவுச்சொல் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது. இந்த நாற்காலிக்குத் தம்பி கிடையாது. சொல்லியும் உட்காராததால், இன்றைக்கு அவர் அவையை விட்டு வெளியேற வேண்டும்."

குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. தம்பி காகிதங்களைப் பொறுக்கிக்கொண்டு போனார். மேசையைத் தட்டியவரின் கை தட்டிய இடத்திலேயே கிடந்தது. மாலைக்குள் அவர்களே தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள் என்று செய்தியில் சொன்னார்கள். நான் ஏதோ என்னையே தேர்ந்தெடுத்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஆனால் வீடு என்று ஒன்று இருக்கிறதே. அம்மா வந்து சேர்ந்த கையோடு தம்பி படியேறி வந்தார். என் கதவு, காற்றுக்காகத்தான், கொஞ்சம் திறந்திருந்தது.

தம்பி வாசலிலேயே நின்றார். "மாண்புமிகு தலைவர் அவர்களே, பேச அனுமதி உண்டா?"

அம்மா மூக்கு நுனிக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அக்கான்னு கூப்பிட்டா உண்டு."

தம்பி செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டார். "என்னை வெளிய அனுப்பினப்போ, உன்னைப் பாத்து பெருமையாத்தான் இருந்துச்சு. அத சொல்லத்தான் வந்தேன்க்கா" என்றார் தரையைப் பார்த்து.

பிறகு உள்ளே போய் ஆரம்பித்தார் பாருங்கள், நான் சமைத்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி முடித்தும் ஓயவில்லை. மணி மட்டும் அடிக்கவே இல்லை.