இருபத்திரண்டு லிட்டர் பை

பைகளை லிட்டரில் அளக்கிறார்கள் என்ற செய்தியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான்தான். அம்மா அதை நல்லபடியாக எடுத்துக்கொள்ளவில்லை.

"பைக்கு எதுக்குடா லிட்டரு? தண்ணியா புடிக்கப் போற?" என்று கேட்டுவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

நான் மூன்றாம் ஆண்டு பி.காம். நான்கு மாதமாகப் பைகளை ஆராய்ந்து வருகிறேன். எந்தப் பேராசிரியரும் கேட்காமல், மதிப்பெண் எதுவும் இல்லாமல், நானாக முன்வந்து செய்த ஒரே படிப்பு இது. தினமும் தோளில் போட்டுக்கொண்டு போகிற பை, அதற்குள் இருக்க வேண்டிய டார்ச், மடக்குக் கத்தி, சார்ஜர் ஒயரைச் சுருட்டி வைக்கும் குட்டிப் பை, அந்தக் குட்டிப் பையை வைக்க இன்னொரு பை. இதையே வாழ்க்கையாக வைத்திருக்கும் ஆட்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். ஒருவர் நாற்பது நிமிட வீடியோவில் ஒரே ஒரு ஜிப்பைத் திறந்து மூடினார். நான் இரண்டு முறை பார்த்தேன். இரண்டாம் முறை இன்னும் நன்றாக இருந்தது.

கம்ப்யூட்டரில் ஒரு பட்டியலும் வைத்திருக்கிறேன். நாற்பத்து மூன்று பைகள். துணி எவ்வளவு தடிமன், எத்தனை அறைகள், மழை தாங்குமா, குரங்கு திறக்குமா. கடைசிக் கேள்வி நான் சேர்த்தது. வெளிநாட்டு நிபுணர்கள் ஏனோ அதைக் கவனிக்கத் தவறியிருக்கிறார்கள்.

களப்பணி சின்னக்கடைத் தெருவில், பையும் குடையும் டார்ச்சும் விற்கும் ராஜேந்திரன் அண்ணனின் கடையில். பதினொரு முறை போயிருக்கிறேன். ஏழாவது முறை வாட்டர் பாட்டிலைத் திறந்து ஒரு பையின் மேல் ஊற்றிப் பார்த்தேன். அதிலிருந்து என்னைத் தூரத்தில் கண்டாலே அவர் சாப்பிடப் போய்விடுகிறார். காலை பத்து மணியானாலும்.

எங்கள் ஊரில் இதற்கென்று ஒரு பருவம் உண்டு. மார்ச்சில் வெயில் ஏறத் தொடங்கியதும், செங்கம் ரோட்டில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஊருக்குக் கிளம்புவார்கள். சைக்கிள், கொசுவலை, மிக்ஸி, கிடார் எல்லாவற்றையும் தள்ளிவிட்டுப் போவார்கள். காபிக் கடைப் பலகைகளில் சீட்டு ஒட்டியிருக்கும். மற்றவர்களுக்கு ஆடித் தள்ளுபடி எப்படியோ, எனக்கு மார்ச் அப்படி.

அப்படி ஒரு கடையில்தான் அதைப் பார்த்தேன். நாற்காலியின் முதுகில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. என் பட்டியலில் முதலிடம். எங்கோ ஒரு பனிமலை அடிவாரத்தில் ஒன்பது பேர் உட்கார்ந்து தைக்கிற பை. இருபத்திரண்டு லிட்டர், பதினாறு அறைகள். தொடலாமா என்று அனுமதி கேட்டேன்.

பைக்குச் சொந்தக்காரி ஹெல்கா. அறுபது வயது இருக்கும், ஆறு வருஷமாகக் குளிர்காலத்தில் வந்து போகிறவர். தமிழை ஆட்டோக்காரர்களிடம் கற்றதால் எதைச் சொன்னாலும் பேரம் பேசுவது போலிருக்கும். மறுநாள் மதியம் கிளம்புகிறாராம். பைக்கு விலை வேண்டாமாம். ஆனால் ஒரு நிபந்தனை.

"இது ஒம்பது வருஷம் வேல செஞ்ச பை. பீரோவுல தூங்க உடமாட்டேன். நாளைக்குக் காத்தால வா. தெனம் நீ எடுத்துட்டுப் போற சாமான் எல்லாம் கொண்டா. பாத்துட்டுதான் குடுப்பேன்."

அன்று சாயங்காலம் நான் தினமும் எடுத்துப் போகும் சாமான்களைக் கட்டிலில் பரப்பினேன். போன், வண்டிச் சாவி, சீப்பு, பேனா. பேனா மாறனுடையது. மாறன் என் வகுப்புத் தோழன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவன், முதலில் பேனாவை எடுத்துக்கொண்டான்.

"மச்சான், உனக்குப் பையே வேணாம்டா. சட்டப் பாக்கெட்டே ஜாஸ்தி" என்றான்.

நான்கு மாத ஆராய்ச்சியில் இந்த ஒரு கோணம் விடுபட்டுப்போயிருந்தது.

மூலையில் அம்மாவின் கட்டைப்பை இருந்தது. அம்மா அடி அண்ணாமலையில் அங்கன்வாடி டீச்சர். ஏதோ கல்யாணத்துக்குப் புடவை எடுத்தபோது ஜவுளிக்கடையில் கொடுத்த பை. கடையின் பெயர் அழிந்து, கைப்பிடியில் ரவிக்கைத் துணி சுற்றியிருந்தது. காலையில் அம்மா குளிக்கப் போன நேரத்தில் அதிலிருந்து சிலவற்றை இரவல் வாங்கினேன். டார்ச், கத்தரிக்கோல், அமிர்தாஞ்சனம், ஊக்குக் கொத்து, ஒரு விசில், மூன்று நிறத்தில் ஒரு டேப். சொல்லாமல் எடுத்தாலும் திருப்பித் தரும் எண்ணம் இருந்தால் அது இரவல்தான்.

காபிக் கடை மேசையில் எல்லாவற்றையும் வீடியோக்களில் வருவது போல வரிசையாக, கோணம் பிசகாமல் அடுக்கினேன். அழகாக இருந்தது. போட்டோ எடுத்துக்கொண்டேன். ஹெல்கா ஒவ்வொன்றாக எடுத்து எதற்கு என்று கேட்டார். டார்ச், கரண்ட் போனால். விசில், ஆபத்தில். டேப், அளப்பதற்கு.

"என்னா அளப்ப?"

"வர்றத."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டேப்பைப் படித்தார். பிறகு என் கையை நீட்டச் சொல்லிப் புஜத்தைச் சுற்றி அளந்தார். பச்சையில் வந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் கணக்குப்படி எனக்கு ஊட்டச்சத்துக் குறைபாடு இல்லை என்று தெரிந்தது.

அந்த நேரத்தில் வாசலில் ஷேர் ஆட்டோ நின்றது. அம்மா இறங்கினாள், கையில் கட்டைப்பை. மாறனுக்குப் போன் போட்டிருக்கிறாள். அவன் முதல் ரிங்கிலேயே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான்.

"இன்னிக்குக் கொழந்தைங்களுக்கு எட போட்டு, கை அளக்கற நாளு. அந்த டேப்பு இல்லாம நான் என்னத்த அளக்கறது, உன் மூளையவா?" என்று சொல்லிக்கொண்டே மேசையிலிருந்த சாமான்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டாள். பார்க்காமலே போட்டாள். ஒவ்வொன்றும் அதனதன் இடத்துக்குப் போனது தெரிந்தது. ஹெல்கா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா கிளம்பத் திரும்பியபோதுதான் ஹெல்காவின் பெட்டியைக் கவனித்தாள். ஜிப் பாதியில் சிக்கி வாய் பிளந்து கிடந்தது. எனக்கு அந்த ஜிப்பின் வகையும் பல்லின் அளவும் தெரியும். ஹெல்காவிடம் ஏற்கெனவே சொல்லியும் இருந்தேன். அம்மா பைக்குள் கையை விட்டு ஒரு மெழுகுவர்த்தித் துண்டை எடுத்து, பல்லின் மேல் நாலு தேய் தேய்த்து இழுத்தாள். ஜிப் ஓடியது.

"இன்னும் என்னா இருக்கு உள்ள?" என்று ஹெல்கா கேட்டார்.

அம்மா காட்டினாள். மாற்று ஜட்டிகள் மூன்று, சிறுசிலிருந்து பெரிசு வரை. சாக்பீஸ். குடிக்கத் தண்ணீர். அழுகிற குழந்தைக்குக் கிலுகிலுப்பை, அதன் அம்மாவுக்குத் தைலம். நீளப் பதிவேடு இரண்டு, ஓரம் மடங்கியவை. நாலாய் மடித்த நாலு பிளாஸ்டிக் கவர்.

ஹெல்கா நாற்காலியிலிருந்த பையைக் கழற்றி அம்மாவிடம் நீட்டினார். என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கொடுத்திருக்க மாட்டார். என் முகம் அப்படி இருந்தது.

அம்மா, தன் பையே நன்றாகத்தான் இருக்கிறது, எதற்குங்க இதெல்லாம் என்றாள். ஆனால் சொல்லும்போதே ஒரு பதிவேட்டை லேப்டாப் அறைக்குள் விட்டுப் பார்த்தாள். இரண்டாவதும் போனது. மடங்கவில்லை. அம்மா ஜிப்பை ஒருமுறை மூடித் திறந்தாள்.

"சாகில், இதுல சாக்பீஸ் எங்கடா வெக்கறது?"

நான்கு மாதமாக யாராவது என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவன் நான்.

ஷேர் ஆட்டோவில் அடி அண்ணாமலை வரை நானும் போனேன். அம்மாவின் மடியில் பையை வைத்துக்கொண்டு பதினாறு அறைகளையும் ஒதுக்கிக் கொடுத்தேன். ஜட்டிகளுக்கு ஈரம் புகாத அறை. கிலுகிலுப்பைக்கு மேலறை, சட்டென்று எடுக்க. டேப்புக்கு ரகசிய அறை, என்னிடமிருந்து காப்பாற்ற. எதிரே கீரைக்கட்டோடு இருந்த உண்ணாமலை அக்கா, அந்தப் பை எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்டார். லிட்டர் என்று நான் வாயெடுப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"இருவத்திரண்டு லிட்டருங்க" என்றாள், பிறந்ததிலிருந்து தெரியும் என்பது போல.

இப்போதெல்லாம் வகுப்பு நடக்கும்போது போன் வருகிறது. ஊக்கு எந்த அறை, பசை எந்த அறை. வெளியே வந்து பதில் சொல்லிவிட்டுப் போகிறேன். பேராசிரியர் ஏதோ அவசரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அவசரம்தான்.

கட்டைப்பை எனக்கு வந்தது. பட்டியலில் நாற்பத்து நான்காவதாக ஏற்றினேன். அறை ஒன்று. ஜிப் கிடையாது, அதனால் சிக்காது. குரங்கு திறக்குமா: திறந்தேதான் இருக்கிறது. மொத்தத்தில் இரண்டாமிடம் வந்துவிட்டது. கணக்கை மூன்று தடவை சரிபார்த்தேன்.

அதைக் கையில் மாட்டிக்கொண்டு நேற்று சின்னக்கடைத் தெருவில் நடந்தேன். ராஜேந்திரன் அண்ணன் பார்த்தார், அந்த ஏழாவது முறைக்குப் பிறகு முதன்முறையாகச் சாப்பிடப் போகவில்லை.

"பை வாங்கிட்டியாப்பா?" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"வாங்கிட்டேண்ணா. இதுக்குள்ள வெக்க ஒரு டார்ச் பாக்கணும்" என்றேன்.