செவலைக்கு ஆக்கிய சோறு

பரங்கிக்காயை அரிவாளால் இரண்டாகப் பிளந்துவிட்டு வேடியப்பன் நிமிர்ந்து பார்த்தான். நாய் இன்னும் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்தபடியேதான் நின்றிருந்தது. வீட்டு முன்னால் பந்தலுக்கடியில் அவன் பெண்டாட்டி பாஞ்சாலையைக் கிடத்தியிருந்தார்கள். வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து காலையில்தான் பிணமாக ஆம்புலன்சில் வந்து சேர்ந்தாள். மோளச் சத்தம் மலை முழுக்கக் கேட்டது. கட்டினவன் தலைமாட்டில் உட்கார்ந்து அழாமல் பின்பக்கம் போய்க் காய் நறுக்கினால் ஊர் வாயை மூடிக்கொண்டிருக்குமா? அதற்குள் இரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"செவல, இங்க பாருடா."

முகத்தைப் பிடித்துத் திருப்பினான். கண் திறந்திருந்ததே தவிர, அதில் ஆள் அடையாளம் இல்லை. வாயோரம் எச்சில் வழிந்தது. கையை விட்டதும் மறுபடியும் சுவரிடமே போய்விட்டது.

இரண்டு வருடத்துக்கு முன்னாலும் இப்படித்தான் நின்றது. பாஞ்சாலைதான் அதைக் கோணிப்பையில் சுற்றி, பஸ் மாறி, கலசப்பாக்கம் மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். ஈரல் கெட்டுவிட்டது என்றார் டாக்டர். கறியில் இருக்கும் நஞ்சைப் பிரிக்க அந்த ஈரலுக்குத் தெம்பில்லை, அது மூளைக்கு ஏறுகிறது, இனிமேல் கறி, எலும்பு எதுவும் வாயில் படக்கூடாது என்றார். சாமை, பரங்கிக்காய், பாசிப்பருப்பு, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக நாலு வேளை. வேடியப்பன் விழுந்து விழுந்து சிரித்தான். "காட்டுப்பன்னி வெரட்டுன நாயிக்கு நோன்புச் சாப்பாடா? இன்னா கொடும டி இது!" அவள் பாட்டுக்கு நாலு வேளையும் ஆக்கினாள். இரண்டே மாதத்தில் செவலை உடம்பு தேறி, வாலை ஆட்டிக்கொண்டு கொல்லைக்கு அவளுக்கு முன்னால் ஓடியது. அப்போதும் இவன் வாய் சும்மா இருந்ததா என்றால், இல்லை.

மூன்று நாளைக்கு முன் அவளுக்கு மூச்சு முட்டியது. ஆம்புலன்சில் ஏறப்போனவனை அவள்தான் தடுத்தாள். "நீ வராத. பொண்ணு பாத்துக்கும். நீயும் வந்துட்டா செவலைக்கு யாரு ஆக்கிப் போடுவா?"

சரியென்று இறங்கினான். முதல் நாள் ஆக்கினான். ஐம்பத்தெட்டு வயதுவரை ஒரு வெந்நீர்கூட வைக்காத மனுசன், அடிப்பிடிக்காமல் என்ன செய்யும்? நாய் மோந்துவிட்டுப் போய்விட்டது. மறுநாள் ஜமுனாமரத்தூர் கோழிக்கடையில் காலும் தலையும் குடலுமாக ஒரு பை வாங்கி வந்து கொட்டினான். செவலை தட்டை வழித்து நக்கிவிட்டு அவன் கையையும் நக்கியது. நாக்கு செத்துக் கிடந்த ஜீவன், பாவம், இப்போதுதான் சாப்பிடுகிறது என்று வேடியப்பன் மனம் குளிர்ந்தே போனான். அடுத்த நாளும் அதேதான். இன்று விடிகாலையில் பாஞ்சாலை போய்விட்டாள் என்று போன் வந்தபோது, நாய் வாசலில் வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

டாக்டருக்குப் போன் போட்டான். வீட்டில் வைத்திருக்கும் தித்திப்பு மருந்தை ஒரு மூடி ஊற்றச் சொன்னார், ஊற்றினான். பழைய சாப்பாட்டையே குழைய ஆக்கி, சத்தமில்லாத இடத்தில் கையால் வைத்துப் பார்க்கச் சொன்னார். "திணிக்காதீங்க. அதுவா முழுங்கணும். சாயங்காலத்துக்குள்ள முழுங்க ஆரம்பிச்சா பொழச்சுக்கும்."

ஆக்குவது எப்படி? இழவு வீட்டில் பிணம் எடுக்கும்வரை அடுப்பெரியக்கூடாது. அந்தக் கொல்லைமேட்டில் இருக்கும் ஏழு வீடும் பங்காளி வீடு. ஏழு அடுப்பிலும் தண்ணீர் தெளித்துவிட்டார்கள்.

"அப்பா, இன்னா பண்ற இங்க? மாமா தேடறாரு."

மகள் அன்பரசி. சந்தவாசலில் வாழ்க்கைப்பட்டவள். மூன்று ராத்திரி ஆஸ்பத்திரியில் கண்விழித்த முகம் வீங்கியிருந்தது. நாயைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"கறி போட்டியா?"

அவன் பரங்கி விதையை விரலால் வழித்துக்கொண்டிருந்தான்.

"சொல்லுப்பா. போட்டியா?"

"ரெண்டு நாளு. கோழிது." அவன் குரல் உடைந்தது. "அது ஆசையா துன்னுச்சும்மா."

"முந்தாநேத்து ராத்திரி அம்மா கேட்டுச்சே! நான்தானே போன காதுல வெச்சுப் புடிச்சிருந்தேன். பரங்கிக்கா சோறுதான், தட்ட வழிச்சு நக்கிடுச்சின்னு சொன்னியே! அதக் கேட்டு அம்மா சிரிச்சுச்சுப்பா. சிரிச்சுட்டுத்தான் கண்ண மூடுச்சு. அப்புறம் பேசவே இல்ல."

வேடியப்பன் தலையில் தலையில் அடித்துக்கொண்டான். பக்கத்திலும் இருக்கவில்லை. எதற்காக இருக்கச் சொன்னாளோ அந்த வேலையையும் செய்யவில்லை. அவள் இப்போது மண்ணுக்குள் போகப்போகிறாள்.

"எப்டிமா ஆக்கணும்? சொல்லு. கால்ல வுழறேன், சொல்லு."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "சாமை ஒரு புடி, பருப்பு ஒரு புடி, காய் ரெண்டு புடி. உப்பு போடக்கூடாது. நல்லா கொழையணும்." போகப் போனவள் திரும்பினாள். "மொத வாய அம்மா துன்னுட்டுத்தான் அதுக்குக் குடுக்கும். இல்லன்னா அது தொடாது."

குண்டானைத் தூக்கிக்கொண்டு அவன் முன்பக்கம் வந்தான். அந்த மேட்டில் எரிந்துகொண்டிருந்த ஒரே தீயைப் பார்த்து நடந்தான். மோளக்காரர்கள் தோலைச் சூடுகாட்ட வேலியோரம் சருகைப் போட்டு மூட்டிய தீ.

"அர்ச்சுனா, இத இதுமேல வெக்கட்டுமா?"

அர்ச்சுனன் மோளத்தைத் தீயிலிருந்து விலக்கினான். குண்டானுக்குள் பார்த்தான். "இன்னாண்ணே இது? யாருக்கு?"

"நாயிக்கு."

மோளக்காரன் ஒருகணம் அவன் முகத்தையே பார்த்தான். பிறகு மூன்று கல்லைக் காலால் நகர்த்திச் சேர்த்து, நாலு விறகையும் உள்ளே தள்ளினான். "வெய்யிண்ணே. வூட்டு அடுப்பு இல்லியே இது."

பந்தலில் அழுகை நின்று முணுமுணுப்பு எழுந்தது. சோறு குழையும்வரை வேடியப்பன் எழுந்திருக்கவில்லை. புகை கண்ணைக் கரித்தது. அழுகிறானா, புகையா என்று யாருக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. குண்டானை இறக்கியவன் அர்ச்சுனன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னொண்ணு. மோளத்த நிறுத்தணும்."

"அண்ணே! அண்ணிக்கு மோளம் இல்லாம..."

"சத்தம் ஆவாதாம்டா அதுக்கு."

மோளம் நின்றது. அவ்வளவுதான், பாஞ்சாலையின் அண்ணன் சின்னக்குழந்தை பந்தலைவிட்டு எழுந்து வந்தான். பிறந்த வீட்டுக் கோடிச்சேலை அவன் தோளில் கிடந்தது. "யாரு நிறுத்தச் சொன்னது? என் தங்கச்சி இன்னா அநாதப் பொணமா?"

அன்பரசி குறுக்கே வந்து நின்றாள். "மாமா, அம்மாவுக்காகத்தான். கொஞ்ச நேரம்."

வேடியப்பன் பின்பக்கச் சுவரோரம் குந்தினான். ஆறவைத்து ஒரு கவளம் உருட்டி நாயின் மூக்கருகே கொண்டுபோனான். அது அசையவில்லை. "துன்னுடா. அவ ஆக்குனாப்லதான்டா ஆக்கிக்கீறேன்." அசையவில்லை. அப்போது மகள் சொன்னது நினைவுக்கு வந்து, அந்தக் கவளத்தைத் தன் வாயில் போட்டுக்கொண்டான்.

"அடப்பாவி, பொணத்த வெச்சுக்கினு சோறு துன்றான்!" என்றது ஒரு கிழவியின் குரல்.

உப்பில்லை, காரமில்லை. வெறும் மண் மாதிரி இருந்தது. இதையா தினம் நாலு வேளை வாயில் வைத்தாள்? மென்றான். முழுங்கினான். அடுத்த கவளத்தை உள்ளங்கையில் வைத்து நீட்டினான். நீட்டியபடியே இருந்தான். வெகுநேரம் ஆயிற்று.

நாயின் மூக்கு சுவரைவிட்டு ஒரு விரல் அளவு விலகியது. பிறகு கையில் ஈரமாக ஏதோ பட்டது. செவலை நாக்கை நீட்டி ஒரு பருக்கையை எடுத்தது. நிறுத்தியது. மறுபடி எடுத்தது.

பின்னால் காலடி கேட்டது. "மாப்ள, நேரமாச்சு," என்றான் சின்னக்குழந்தை. "எடுத்துடலாமா?"

வேடியப்பன் திரும்பவில்லை. நீட்டிய கையையும் அசைக்கவில்லை.

"இரு மச்சான். இன்னும் ரெண்டு வாய் கீது."

சின்னக்குழந்தை நாயைப் பார்த்தான். முன்பக்கம் பாடை கட்டி முடித்து, மோளக்காரர்கள் குச்சியைக் கையில் எடுத்துவிட்டிருந்தார்கள். அவன் வீட்டு மூலைக்கு நடந்துபோய், அடிக்க வேண்டாம் என்று அவர்களுக்குக் கையைக் காட்டினான்.