காதுவரை தூக்கிய கை

அம்மாவுக்கு வலது தோள் இறுகிப்போனதிலிருந்து கோழிப்பண்ணையில் அவள் வேலையை நான்தான் செய்கிறேன். பத்தாம் வகுப்பு பாதியில் நின்றுபோனது.

எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவ்வாய்தோறும் அன்னாள் டாக்டர் அக்குபஞ்சர் ஊசி போடுகிறார். அம்மாவைப் பத்து வாரம் வரச் சொல்லியிருந்தார். நேற்று ஐந்தாவது வாரம்.

"இதென்னுங்க ஊசி, உள்ள மருந்தே இல்லீங்களே?" என்று பக்கத்துப் படுக்கையில் முழங்காலில் ஊசிகளோடு கிடந்த காத்தான் கேட்டார்.

"மருந்து வெச்சா அது கோழிக்குப் போடற ஊசிங்க. பேசாமப் படுங்க" என்றாள் அம்மா. அறையே சிரித்தது.

இருபது நிமிடம் கழித்து டாக்டர் ஊசிகளை எடுத்துவிட்டு, கையைத் தூக்கச் சொன்னார். அம்மா காதுவரை தூக்கினாள். சிரித்தாள். மேலுதட்டில் மட்டும் வியர்த்திருந்தது.

"வலியே இல்லீங்க. இனி நானே பண்ணைக்குப் போயிக்கறனுங்க. புள்ள பள்ளிக்கூடம் போகோணும்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "வீட்ல எப்படிம்மா இருக்காங்க?"

நேற்றுக் காலையில்கூட அம்மாவுக்கு ரவிக்கை மாட்டிவிட்டது நான்தான். அதைச் சொன்னால் இன்னும் ஐந்து வாரம் ஊசி, எனக்குப் பண்ணை. சொல்லாவிட்டால் திங்கட்கிழமை பள்ளிக்கூடம்.

"நல்லா இருக்காங்க" என்றேன்.

டாக்டர் சந்தோஷமாக, இனி வர வேண்டாம் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அம்மா அவிழ்ந்த கூந்தலோடு எனக்கு முதுகு காட்டி நின்றாள்.

"முடிஞ்சு உடு சாமி, டாக்டரம்மா பாக்கறதுக்குள்ள."