கண்ணாடிக்கு வெளியே ஒரு கை

என் மனைவிக்கு மெதுவாகப் பேசவே வராது என்றுதான் எங்கள் தெருவில் நினைக்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "தினமும் என்னம்மா சண்டை?" என்று கேட்டாளாம்.

"சண்டை இல்லக்கா. சோறு போடட்டுமான்னு கேட்டேன்."

எனக்குக் கப்பலின் அடித்தளத்தில், என்ஜின் அறையில் வேலை. எண்ணெய் போடுவது, துடைப்பது. அந்த இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது, எல்லாம் கைதான். கட்டைவிரலைத் தூக்கினால் சரி. உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் வேகத்தைக் குறை. கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்தால் என்ஜினை நிறுத்து. விடுப்பில் வீட்டுக்கு வந்தாலும் என் கை சும்மா இருக்காது. பார்த்துப் பார்த்து அவளும் கற்றுக்கொண்டாள்.

மறுபடி கப்பல் ஏற டாக்டர் சான்று வேண்டும். கண், ரத்த அழுத்தம், எக்ஸ்ரே எல்லாம் தேறிவிட்டேன். காது மட்டும் பாக்கி. அதில் விழுந்தால் கப்பல் கிடையாது, வேறு தொழிலும் எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரிக்கு அவளும் கூட வந்திருந்தாள். எனக்கு முன்னால் ஒருவர் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்தார். வெளியே ஒரு பெண் மெஷினில் சத்தம் விட, கேட்கும்போதெல்லாம் அவர் கையிலிருந்த பொத்தானை அமுக்கினார். அதை இவள் உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏங்க, அந்தப் பொண்ணு சத்தம் விடுறப்ப மெஷின்ல ஒரு விளக்கு எரியுது. நான் அவ பின்னால நின்னு கட்டைவிரலைக் காட்டறேன். நீங்க பொத்தானை அமுக்கிடுங்க."

"மாட்டிக்கிட்டா?"

"வளையலைச் சரி பண்றேன்னு நினைச்சுக்குவாங்க."

சொல்லிவிட்டாளே தவிர அவள் முகத்தில் ரத்தமே இல்லை. சிரிக்க வைக்கலாம் என்று போன பயணத்துக் கதையை எடுத்துவிட்டேன். என்ஜின் அறையில் தீப்பிடித்தால் வாயுவைத் திறந்துவிட்டு அணைப்பார்கள். உள்ளே ஆள் இருந்தால் அவனும் சேர்ந்து அணைந்துபோவான். அதனால் முதலில் மணி அடிப்பார்கள், எல்லோரும் மேலே ஓடிவிட வேண்டும். போன தடவை ஒத்திகைக்கு அடித்தார்கள். அத்தனை பேரும் ஏறிவிட்டார்கள். நான் பாட்டுக்குப் பம்பைத் துடைத்துக்கொண்டு நிற்கிறேன். மெஷின் பழுது பார்க்கும் பிட்டர்தான் திரும்ப இறங்கி வந்து, சட்டைக் காலரைப் பிடித்து ஆட்டுக்குட்டி மாதிரி இழுத்துக்கொண்டு போனான்.

"மேல போனா அத்தனை பயலும் கை தட்டறானுங்க," என்றேன்.

அவளும் சிரித்தாள். அதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே போனதும் காதில் ஹெட்போனை மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். முதலில் வந்த கனத்த சத்தமெல்லாம் எனக்கே கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. கண்ணாடிக்கு வெளியே கட்டைவிரல் எழுந்தது, அமுக்கினேன். திரும்ப எழுந்தது, அமுக்கினேன்.

அப்புறம் விரல் எழவில்லை. விளக்கு எரிவது அவள் கண் போகிற போக்கிலேயே தெரிகிறது. ஆனால் கை இறங்கிவிட்டது. நான் கண்ணை உருட்டினேன். அவள் என்னையே பார்த்தாள். கழுத்துச் சங்கிலியைச் சரி செய்வதுபோல, கையைக் குறுக்கே மெதுவாக இழுத்தாள்.

என்ஜினை நிறுத்து.

பொத்தானைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"மெல்லிசான சத்தம் பாதிக்கு மேல உங்களுக்குக் கேக்கல," என்றார் டாக்டர். "என்ஜின் ரூமுக்கு இப்ப அனுப்ப முடியாது. காது மெஷின் வச்சுக்கிட்டு வாங்க. மேல்தளத்து வேலைக்கு ஆகுமான்னு அப்புறம் பாக்கலாம். இப்பவே உறுதி சொல்ல மாட்டேன்."

சான்று இல்லாமலே தெருவில் இறங்கினோம். அவள் வழக்கம்போல என் வலது பக்கமாக வந்தாள். அந்தக் காது கொஞ்சம் தேவலை.

"ஏன் விட்டுட்ட?" என்றேன் கடைசியில்.

"அந்தப் பிட்டர் ஒவ்வொரு பயணத்துக்கும் கூடவே வருவாரா?"

கொஞ்ச தூரம் போனதும் அவள் மறுபடி ஏதோ சொன்னாள்.

"என்ன?"

"பசிக்குதான்னு கேட்டேன்!"

எதிரே வந்த பெரியவர் நின்று, "வீட்டுல போய்ப் பேசிக்கங்கப்பா," என்றார். இவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் அவளைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினேன்.