ஊதாப் பென்சில்

நாவலாசிரியர் வெனியமீன் லூகிச் வொலோக்தாவுக்கு ரயிலேறியது ஒரே ஒரு கையெழுத்துக்காக. நூற்றிருபது வருடங்களுக்கு முன் செத்துப்போன எழுத்தாளர் ஸ்ட்ரூனினின் வாழ்க்கையை, ஸ்ட்ரூனினே 'நான்' என்று சொல்வதுபோல எழுதி முடித்திருந்தார். புத்தகம் அச்சேற, கொள்ளுப்பேத்தி கிளாவ்தியா பெத்ரோவ்னா சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். கைப்பிரதியை ஒரு மாதம் முன்பே அனுப்பியாயிற்று.

அன்று ஸ்ட்ரூனினின் நினைவு நாள். கொள்ளுப்பேத்தி வீட்டுச் சுவரில் இருந்த அவர் படத்துக்குக் கீழே படையலாக ஒரு குவளை வோட்கா, அதன்மேல் கறுப்பு ரொட்டித் துண்டு. படத்தின் கண்கள் தன்னையே பார்ப்பதாக வெனியமீனுக்குப் பட்டது. பார்க்கட்டுமே, செத்தவர் சாட்சி சொல்லவா வரப்போகிறார்?

"அப்பம் ஆறிடும், சாப்பிடுங்க," என்றார் கிளாவ்தியா பெத்ரோவ்னா. "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. அழுதேன், பொய் சொல்லல. ஆனா எழுபதாம் பக்கத்துல, எங்க கொள்ளுத்தாத்தா தன் சிநேகிதனப் போலீசுக்குக் காட்டிக் குடுக்கிறாரே. அது எந்தக் கடுதாசில இருக்கு?"

"எதுலயும் இல்லம்மா. நாவல்காரன் ஊகம். விட்டுப்போனத நிரப்பணும்ல?"

"நல்லா நிரப்பினீங்க போங்க!" மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார். "'பென்சிலை நாக்கில் நனைத்துக் கையெழுத்திட்டேன். மூன்று நாளாகியும் நாக்கில் ஊதா போகவில்லை.' எச்சில் பட்டா ஊதா மையாகிற இந்தப் பென்சில் அவர் காலத்துல ஏதுங்க? வாத்து இறகும் மைப்புட்டியும்தான். முப்பத்தஞ்சு வருஷம் தபாலாபீஸ்ல குப்பை கொட்டினவ நான். அங்க எல்லாத்துக்கும் இந்தப் பென்சில்தான், அந்த ருசி எனக்குத் தெரியும். இது யாரோட நாக்கு, வெனியமீன் லூகிச்?"

வெனியமீன் கையிலிருந்த அப்பத்தைக் கீழே வைத்தார். ஏழு முறை திருத்தி எழுதியும் கை வைக்கத் தோன்றாத வரி அது. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் ஒரு போலீஸ் அதிகாரி நண்பனுக்கு எதிரான வாக்குமூலத் தாளை நீட்டினார், பென்சிலும் அவருடையதுதான். கைதிகள் முகாமுக்குப் போன நண்பன் திரும்பவில்லை. பாவத்தை ஸ்ட்ரூனின் தலையில் கட்டிய பிறகுதான் வெனியமீனுக்குத் தூக்கமே வந்தது.

கிளாவ்தியா பெத்ரோவ்னா இன்னொரு குவளையில் ஊற்றி, ரொட்டித் துண்டால் மூடி, அவர் முன் வைத்தார்.

"எனக்கா?"

"உங்களுக்கில்ல, உங்க சிநேகிதனுக்கு. இத்தனை வருஷத்துல யாராவது ஊத்தி வெச்சாங்களா? பேரச் சொல்லுங்க."

எழுந்து போய்விடலாம். புத்தகம் நின்றுபோகும், அவ்வளவுதானே. நாக்கில் பழைய கசப்பு ஊறியது.

"இலரியோன்," என்றார். அந்தப் பெயர் வாயில் வந்ததும் அழுதுவிட்டார்.

கிளாவ்தியா பெத்ரோவ்னா எழுபதாம் பக்கத்தையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தினார். அதில் எழுதியிருந்த காட்டிக்கொடுக்கும் வாக்குமூலத்தின் அடியில் ஸ்ட்ரூனினின் பெயர் இருந்தது. வெனியமீன் அதை அடித்துவிட்டுத் தன் கையெழுத்தைப் போட்டார்.