மூன்றாவது பெட்டியின் விளக்கு

தேடி முடித்த மற்ற கணினிகளின் விளக்குகள் அணைந்துவிட்டன. மூன்றாவதின் சிவப்பு விளக்கு மட்டும் துடித்துக்கொண்டே இருந்தது. நாகவல்லி நகத்தைக் கடித்தாள்.

அம்பத்தூர் எஸ்டேட்டின் அந்தச் சிறு கம்பெனிக்கு இது கடைசி வாய்ப்பு. போன மாதம் நோயாளிப் பதிவுகளைத் தேடும் இந்த அமைப்பை வாங்கலாமா என்று பார்க்க மருத்துவமனையிலிருந்து உலகநாதன் வந்தபோது, நான்கு கணினிகளும் ஒரே டிஸ்கில்தான் தேடின. அவர் உட்காரக்கூட இல்லை. “நாலு பேரு ஒரே குழாயில குடத்தோட நிக்கிறாங்க. இதுக்குப் பேரு ஒண்ணா வேலை பாக்குற பேரலலா?” என்று நின்றபடியே கேட்டுவிட்டுப் போனார்.

அதன்பின் ஒவ்வொன்றுக்கும் தனி டிஸ்க் வைத்தாள். நினைவகம் ஏற்கெனவே தனி. நோயாளிகளின் விவரங்களையும் நான்காகப் பங்கிட்டாள். கேள்வி நான்குக்கும் ஒன்றாகப் போகும். அதனதன் பங்கை அதுவே தேடும். விடைகளைச் சேர்த்தால் போதும்.

முதலாளி கஜபதி எட்டிப் பார்த்தார்.

“இன்னாம்மா, மூணு தூங்குது, ஒண்ணு மட்டும் மாடாட்டம் இழுத்துகினு கீது? அந்த ஆஸ்பத்திரிக்காரரு வாசல் கேட்டாண்ட வந்துட்டாரு. இன்னிக்கும் ஊத்திக்கிச்சுன்னா ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.”

அவள் மூன்றாவதில் இருந்த பெயர்களைத் திரையில் ஓடவிட்டாள். நாகம்மாள். நாகப்பன். நாகேந்திரன். மறுபடி நாகம்மாள். வெளிநாட்டுப் புத்தகம் சொன்னபடி பெயரின் முதல் எழுத்தை வைத்துப் பிரித்திருந்தாள். இந்தப் பக்கம் பாதிப் பேர், அவளைப் போலவே, புற்றுக்குப் பால் ஊற்றிப் பெற்ற பிள்ளைகள்.

“பேரை வெச்சு பிரிச்சது தப்பு சார். நாகமெல்லாம் ஒரே பெட்டில பூந்துகிச்சு. நோயாளி நம்பரோட கடைசி ரெண்டு எண்ணை வெச்சு பிரிச்சா சமமா போவும்.”

“எம்மா நேரம்?”

“ஒரு மணி நேரமாவது ஆவும். டிபன் வாங்கிக் குடுத்து ஊர்க்கதை பேசுங்க சார்.”

“எனக்கு இன்னா கதை தெரியும்?”

“தினமும் எங்ககிட்ட புலம்புவீங்களே, உங்க மச்சான் கதை, அது போதும் சார்.”

அவர் ஓடினார். அவள் விவரங்களைப் புதிதாகப் பிரித்து மறுபடி ஏற்றத் தொடங்கினாள். நடுவில் மின்விசிறி ஒருமுறை தளர்ந்து சுழன்றது. கரன்ட் போகவில்லை.

ஏற்றி முடித்தபோது உலகநாதன் வந்து அவள் பின்னால் நின்றார்.

“பூந்தமல்லியிலேர்ந்து போன வருஷம் காய்ச்சலோட எத்தனை பேர் வந்தாங்க?”

அவள் விசையைத் தட்டினாள். நான்கு விளக்குகளும் துடித்தன. அவள் மூன்றாவதையே பார்த்தாள். முதலாவது அணைந்தது. உடனே மூன்றாவது. மற்ற இரண்டும் சேர்ந்து அணைந்தன. விடை வந்தது.

உலகநாதன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இப்ப பேசலாம். இதுல ஒரு பெட்டி படுத்துட்டா, அதோட பங்கு என்னாவும்?”

நாகவல்லி மறுபடி நகத்தைக் கடித்தாள்.