சம்பந்திகள் பார்த்த வானம்

ஓய்வு பெற்ற பிறகும் ஸ்டேஷன் மாஸ்டர் சட்டையின் மேல் பொத்தானைத் திறந்துவிட்டதில்லை. சொன்ன சொல்லிலும் அதே விறைப்புதான்.

அவருடைய மகள், ரேடியோ தொலைநோக்கிகளை வைத்து வானம் முழுவதையும் வரைபடமாக்கும் குழுவில் வேலை செய்தாள். படங்களில் லட்சக்கணக்கான ஒளித்திட்டுகள். சில கேலக்ஸிகள், அதாவது நட்சத்திர மண்டலங்கள், இரு பக்கமும் துகள்களைப் பீய்ச்சி அடிப்பதால், ஒன்றே இரண்டு திட்டாகத் தெரியும். எவை ஒரே வீட்டுப் பிள்ளைகள், எவை வெறும் அக்கம்பக்கம் என்று பிரிக்கக் கணினி திணறியது. அதனால் பொதுமக்களே பார்த்துச் சொல்லட்டும் என்று படங்களை இணையத்தில் போட்டிருந்தார்கள்.

மகள் அப்பாவுக்கும் மாமனாருக்கும் இரண்டு திட்டுகள் இருந்த ஒரே படத்தை அனுப்பிவைத்தாள். வினை அங்கேதான் தொடங்கியது.

மாமனார் கண் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்தவர், "ரெண்டும் வேற வேற, சம்பந்தி. நடுவுல ஒண்ணுமே இல்லையே" என்றார்.

"ஒரே அளவு, ஒரே சாய்வு. கூடப்பிறந்ததுங்க. ஊர்க் கண்ணையெல்லாம் பார்த்தவருக்கு இது தெரியலையா?"

"நான் கண்ணைத்தான் பார்த்தேன். உங்களை மாதிரி ரயில் பெட்டி கோக்கலை."

ஸ்டேஷன் மாஸ்டருக்குச் சுருக்கென்றது. "எங்க வீட்டுல சொன்னா சொன்னதுதான். தப்புன்னு ஆச்சுன்னா நானே போன் பண்ணி ஒத்துக்கறேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

சில வாரங்கள் கழித்து மகள் மடிக்கணினியோடு வந்தாள். தண்ணீர் குடித்தாள், மின்விசிறியை வேகமாக வைத்தாள், பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அப்பா, அந்த இடத்தைத் தொலைநோக்கியில இன்னும் ரொம்ப நேரம் உத்துப் பார்த்தோம். ஒவ்வொரு திட்டுக்குள்ளயும் தனித்தனியா ஒரு கேலக்ஸி இருக்கு. ஒண்ணு கிட்ட, ஒண்ணு எங்கயோ தூரத்துல."

ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஸ்டேஷன் மாஸ்டரின் முகம் தொங்கிப்போனது.

"மாமாகிட்ட நான் மூச்சு விடமாட்டேன்ப்பா."

"சொல்லாம விட்டா உங்கப்பா விடிய விடிய புரண்டுட்டே இருப்பாரு. எனக்குத்தான் தூக்கம் போகும்" என்றாள் அவர் மனைவி.

"நம்ம வீட்டு வார்த்தை தப்பாப் போனா, அதை நாமதான் சொல்லணும். அடுத்தவங்க வந்து சொல்ற மாதிரி வெச்சுக்கக் கூடாது" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

எழுந்து நின்றுதான் போனை எடுத்தார். "சம்பந்தி, நான் சொன்னது தப்பு. ரெண்டும் வேற வேறதான். நீங்க சொன்னதுதான் சரி."

மறுமுனையில் ஒரு செருமல்.

"அது வந்து... நான் இணையத்துல என் பதிலை மாத்திட்டேனே."

"என்னது?"

"நீங்க அவ்வளவு அடிச்சுச் சொன்னீங்க. வீட்டுக்கு வந்து பார்த்தா எனக்கும் கூடப்பிறந்தது மாதிரியே தெரிஞ்சுது."

"சரியான பதிலைக் கையில வெச்சுக்கிட்டு என் பேச்சைக் கேட்டா கெட்டீங்க?" என்று அதட்டப் பார்த்தார். பாதியிலேயே சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பக்கம் டாக்டரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நின்றிருந்தவர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார்.

"அது கிடக்கட்டும். புதுசா ஒரு படம் வந்திருக்கே, மூணு திட்டு. என்ன சொல்றீங்க?" என்றார் டாக்டர்.

மகள் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். பார்த்த மாத்திரத்தில் பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"முதல்ல நீங்க சொல்லுங்க" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.